நாய் மேல் விழுந்த பழி

கேள்வி: ‘கோ டு த டாக்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடர், நாய்ப் பந்தயத்தில் பணம் கட்டி ஓட்டாண்டியானவர்களால் வந்ததாமே? ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் ‘நாடு நாய்களிடம் போய்விட்டது’ என்று படித்துவிட்டுத் திருதிருவென்று விழித்தேன்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள்மேல் தப்பில்லை. ‘சீரழிந்துபோவது’ என்பதுதான் அந்தத் தொடரின் பொருள். மொழிபெயர்த்தவர் அகராதியைப் புரட்டச் சோம்பல்பட்டிருக்கிறார்.

பந்தயக் கதை கேட்கச் சுவைதான், கணக்கு உதைக்கிறது. இயந்திர முயலைத் துரத்திக்கொண்டு நாய்கள் வட்டமடித்து ஓடும் பந்தயம் இங்கிலாந்தில் தொடங்கியது 1926 ஜூலையில், மான்செஸ்டரின் பெல் வ்யூ அரங்கில். அதற்கு முந்தைய நூற்றாண்டு ஆங்கில நாவல்களிலேயே இந்தத் தொடர் சர்வசாதாரணம். பேரன் கல்யாணத்தன்று தாத்தா பிறந்தார் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

நாய்க்கு எறிவது என்ற பேச்சே பழசு. மனிதன் தின்று மிஞ்சியதும் ஊசிப்போனதும் நாய்க்கு. 1623-ல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில், மனைவியின் மனநோய்க்கு வைத்தியர் கைவிரித்ததும், ‘மருந்தைத் தூக்கி நாய்களுக்குப் போடு’ என்று மன்னன் சீறுகிறான். நாமாக இருந்தால் குப்பையில் போடச் சொல்லியிருப்போம்.

பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். இது மெல்ல மெல்ல வரும் கேடு. பூகம்பத்தில் ஓர் ஊர் தரைமட்டமானால் இந்தத் தொடரைச் சொல்லமாட்டார்கள். கவனிப்பாரற்ற கிளப், ஒழுங்கு குலைந்த பள்ளிக்கூடம், குடியில் விழுந்த மைத்துனன், அப்புறம் எப்போதும் நாடு. சொல்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்றவராக இருப்பார் (நானும் அந்தக் கட்சியில் சேர்ந்தாயிற்று). தமிழில் ‘குட்டிச்சுவராகிவிட்டது’ அச்சாகப் பொருந்தும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையும் பக்கத்தில் வரும். ஆனால் அதில் சிறுத்துப்போவதுதான் தூக்கல், சீரழிவு கொஞ்சம் கம்மி. ‘நாடு குட்டிச்சுவராகிவிட்டது’ என்று அந்த நாவலில் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கடிதமே வந்திருக்காது.

பந்தயக் கதை எங்கிருந்து முளைத்தது என்றும் ஊகிக்க முடிகிறது. பிரிட்டிஷ்காரர் பேச்சில் ‘த டாக்ஸ்’ என்றாலே நாய்ப் பந்தயம். ‘நேற்று ராத்திரி டாக்ஸுக்குப் போனேன்’ என்று ஒரு லண்டன்காரர் சொன்னால் துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். எவ்வளவு போயிற்று என்று வேண்டுமானால் கேளுங்கள்.