முதலில் கால்கள் பழகட்டும்

கேள்வி: நான் ஒரு பள்ளி ஆசிரியை. வயது 41. சிறுமியாக இருந்தபோது கொஞ்ச காலம் பியானோ கற்றேன். பல ஆண்டுகளாக எங்கள் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் கீபோர்டு வாசிக்கிறேன். காற்றால் குழாய்கள் ஒலிக்கும் உண்மையான பைப் ஆர்கனில், மக்கள் முன்னிலையில் வாசிக்க வேண்டும் என்று மேற்கத்திய இசைமேதைகளின் மூன்று படைப்புகளை மனதில் வைத்திருக்கிறேன்: பாக்கின் டி மைனர் டொக்காட்டாவும் ஃபியூகும், விடோரின் டொக்காட்டா, சான்-சான்ஸின் ஆர்கன் சிம்பொனி. விடோரின் வலது கைப் பகுதியை இப்போது நல்ல வேகத்தில் வாசிக்கிறேன். ஆனால் பைப் ஆர்கனை நான் தொட்டதே இல்லை. "செட்டிநாட்டில் இல்லாத வாத்தியத்துக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று என் கணவர் கேட்கிறார். இந்த வயதில் இது நடக்கக்கூடிய ஆசைதானா? எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அன்புள்ள சகோதரி,

நடக்கக்கூடிய ஆசைதான். 41 வயது இதற்குத் தடையே இல்லை. எனக்குக் கவலை தருவது வேறொன்று. இவ்வளவு ஆசையோடு எழுதிய கடிதத்தில் உங்கள் கால்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

விடோரின் டொக்காட்டாவையே எடுத்துக்கொள்வோம். வலது கை ஓயாமல் ஓடுகிறது. இடது கை, பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளை வெட்டி வெட்டிப் போடுகிறது. முதல் எட்டு பார்கள், அதாவது எட்டு தாள அளவுகள், அப்படியே போகின்றன. அதன்பின் காலடியில், காலால் மிதித்து வாசிக்கும் கட்டை வரிசையான பெடலில், நீண்ட நீண்ட சுரங்களாக ஒரு மெட்டு இறங்குகிறதே, அதுதான் இந்தப் படைப்பின் உயிர். மேலே நடக்கிற ஓட்டமெல்லாம் அந்த மெட்டுக்குப் போட்ட அலங்காரம். நீங்கள் பாடுபட்டுப் பழகியிருப்பது அலங்காரத்தை. அந்த உழைப்பு வீணாகாது, ஆனால் மெட்டு இன்னும் உங்களிடம் வந்து சேரவில்லை.

வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விடோர் 1870 முதல் 1933 வரை பாரிஸின் சேன் சுல்பீஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். காவாயே-கோல் 1862இல் கட்டி முடித்த, ஐந்து கீபோர்டு வரிசைகள் கொண்ட பிரம்மாண்டமான ஆர்கன் அங்கே இருக்கிறது. இந்த டொக்காட்டாவை அவரே அந்த ஆர்கனில் 1932இல், 88 வயதில், வாசித்த ஒலிப்பதிவு கிடைக்கிறது. கட்டாயம் கேளுங்கள். இன்று பலர் வாசிக்கிற வேகத்தைவிட எவ்வளவோ நிதானமாக வாசிக்கிறார். முதுமையால் வந்த நிதானம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய கல் கட்டடத்தில் ஒரு சுரம் எழும்பி, சுவரில் மோதித் திரும்பி, அடங்கச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் அடுத்ததையும் அதற்கடுத்ததையும் கொட்டினால் கேட்பவருக்கு வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். தன் கட்டடத்தை அறிந்தவரின் வேகம் அது. உங்கள் வேகத்தை இன்றைக்கே குறைத்துவிடுங்கள்.

உங்கள் பட்டியலில் உள்ள மற்ற இரண்டில், பாக்கின் டி மைனர் டொக்காட்டா உங்களுக்கு எட்டக்கூடியதே. அது எழுப்புகிற மிரட்சியைப் பார்க்க, அதில் கால்களுக்குள்ள வேலை மிதமானதுதான். சான்-சான்ஸின் சிம்பொனி 1886இல் லண்டனில் அரங்கேறியது. அதில் ஆர்கன் பகுதி விரலுக்குப் பெரிய சவால் இல்லை. ஆனால் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவும், நல்ல ஆர்கன் உள்ள அரங்கமும், இரண்டையும் கூட்டிவைக்கிற ஒருவரும் வேண்டும். அது உங்கள் உழைப்பை மட்டும் நம்பி நடக்கிற காரியம் இல்லை என்பதால், இப்போதைக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பாக்கின் சி மைனர் பாசகாலியாவை வையுங்கள். எட்டு பார் மெட்டு ஒன்று தனிப் பெடலில், கைகள் சும்மா இருக்க, கால்களால் மட்டும் தொடங்குகிறது. அதன்மேல் 20 மாறுபாடுகள், முடிவில், ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் ஒரு ஃபியூக். ஆர்கன் வாசிக்கிற யாரைக் கேட்டாலும், வாழ்நாளில் ஒருமுறை நல்ல ஆர்கனில் இதை வாசித்துவிட வேண்டும் என்பார்கள். அந்த முதல் எட்டு பார்களை உங்களால் இந்த ஆண்டே கற்றுக்கொள்ள முடியும்.

இனி வழிமுறை. கீபோர்டிலிருந்து ஆர்கனுக்கு வருபவர்கள் விட வேண்டிய பழக்கங்கள் இரண்டு. ஓங்கி அழுத்தினால் ஒலி கூடும் என்ற பழக்கம் ஒன்று. ஆர்கனில் எப்படித் தொட்டாலும் குழாய் ஒரே அளவில்தான் ஒலிக்கும். ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்கள், அடுத்ததற்கு முன் எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள் என்பதில்தான் உணர்ச்சியைக் காட்ட முடியும். மற்றொன்று, விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டிக்கிற சஸ்டெய்ன் பெடல். ஆர்கனில் அது கிடையாது. கட்டையிலிருந்து விரலை எடுத்த அந்த நொடியே குழாய்க்குப் போகும் காற்று நின்றுவிடும். ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே அதன்மேல் விரலை மாற்றுகிற வித்தையைக் கற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் கீபோர்டில் 61 கட்டைகள்தானே? இன்றைய ஆர்கன்கள் பலவற்றின் ஒரு வரிசையிலும் அதே 61தான். ஆகவே இந்தப் பாடத்தை இன்றிரவே தொடங்கலாம்.

கால்களுக்கு என்ன செய்வது? ஆர்கனின் பெடல் வரிசையில் 30 அல்லது 32 மரக்கட்டைகள் இருக்கும். ஆங்கிலேய, அமெரிக்க ஆர்கன்களில் அவை நடுவில் குழிந்து விசிறிபோல் விரிந்திருக்கும். ஐரோப்பாவின் பழைய ஆர்கன்கள் பலவற்றில் தட்டையாக, நேராக இருக்கும். இந்த இரண்டாவது வகையைச் செய்வது எளிது. அடுத்தடுத்த இரண்டு வெள்ளைக் கட்டைகளின் மையங்களுக்கு நடுவே சுமார் இரண்டரை அங்குலம். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ஸ்விட்ச், எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்று கணினிக்குச் சொல்ல ஒரு மிடி சர்க்யூட். தேக்கில் யாளியும் அன்னமும் கடைந்த தச்சர்களின் ஊர் உங்களுடையது. அங்கே இந்த மரவேலைக்கு ஆள் கிடைக்காமல் போகாது. மின்வேலைக்கு, மிடி தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஒருவரைப் பிடியுங்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற தேக்குத் துண்டுகளே போதும்.

கணினியில் போட, கிராண்ட் ஆர்கு என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஹாப்ட்வெர்க் என்பது விலைக்கு வருவது. உண்மையான ஆர்கன் ஒன்றின் குழாய்களைத் தனித்தனியாகப் பதிவுசெய்து, நீங்கள் கட்டையை அழுத்தும்போது அந்தந்தக் குழாயின் ஒலியைத் தருபவை இவை. அந்தக் கட்டடத்தின் எதிரொலிகூட அதில் வரும்.

பெடல் தயாரானதும், தயவுசெய்து, விடோர் பக்கம் போகாதீர்கள். ஆராதனையில் பாடும் ஞானப்பாட்டுகளின் தொகுப்பான பாமாலையை எடுங்கள். உங்கள் விரலில் ஊறிய மெட்டுகள் அவை; பெரும்பாலானவற்றுக்கு நான்கு குரல்களில் இசைக்குறிப்பும் இருக்கிறது. மேல் குரல்களான சோப்ரானோவும் ஆல்டோவும் வலது கைக்கு, அடுத்த குரலான டெனர் மட்டும் இடது கைக்கு, அடிக்குரலான பேஸ் முழுவதும் காலுக்கு. இடது கை சிறுவிரல் பழக்கதோஷத்தில் பேஸைத் தொட ஓடும். அதைத் தடுப்பதுதான் முதல் சில மாதங்களின் முழு வேலை. காலைக் குனிந்து பார்க்காமல் வாசியுங்கள். அடிப்பாகம் மெல்லிய, சிறிது குதி உயர்ந்த தோல் ஷூ வசதியாக இருக்கும். ஞாயிறு ஆராதனையில் வாசித்துப் பழகிய உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் பாக்கின் ஓர்கெல்புக்லைன் என்ற சிறு தொகுப்பு. ஆர்கன் கற்கத் தொடங்குபவர் ஒரு ஞானப்பாட்டைப் பலவிதமாக விரித்து வாசிக்கவும், பெடலில் தேர்ச்சி பெறவும் இது என்று அதன் முகப்பில் பாக்கே எழுதியிருக்கிறார். அதில் 'இஹ் ரூஃப் ஸு டீர்' என்று எஃப் மைனரில் ஒன்று உண்டு. ஆண்டவரே, உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்று மன்றாடும் பாட்டு அது. மூன்றே குரல்கள், வலது கையில் மெட்டு, இடது கையில் ஓடும் சுரங்கள், காலில் சீரான நடை. இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் இதை நிதானமாக, ஒரு சுரமும் தடுமாறாமல் வாசித்துவிட்டால் நீங்கள் ஆர்கன் வாசிப்பவர். நீங்கள் மேடையேற்ற வேண்டிய முதல் படைப்பு இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கணவரின் கேள்விக்கு வருகிறேன். அவரோடு வாதாட வேண்டாம். உங்கள் பகுதித் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்துக்கு ஒருமுறை அழைத்துப் போய், ஆர்மோனியக்காரர் பக்கத்தில் உட்கார வையுங்கள். காலால் துருத்தியை மிதித்துக்கொண்டே, இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டே, பின்பாட்டும் பாடுகிற கலைஞர்கள் அவர்கள். ஆர்மோனியத்துக்கு 1842இல் பாரிஸில் காப்புரிமை பெற்றவர் தெபேன். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கியே வைத்திருந்தது. அப்படிப்பட்ட வாத்தியத்தை நம் நாடகக்காரர்கள் தங்கள் உடம்பின் உறுப்பாகவே ஆக்கிக்கொண்டார்கள். காற்றும் கட்டையும் காலும் சேர்ந்த இசை செட்டிநாட்டுக்குப் புதிதில்லை.

இன்னொரு பெயரையும் உங்களிடம் சொல்லாமல் விட மனமில்லை. ஒலிவியே மெஸ்ஸியான். 1931 முதல் 1992இல் இறக்கும்வரை பாரிஸின் திரினித்தே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், ஆழ்ந்த கத்தோலிக்கர். சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் உள்ள 120 தேசி தாளங்களின் பட்டியலைப் படித்து, அவற்றைத் தம் இசைக்குள் கொண்டுவந்தார். 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் எழுதப்பட்ட நூல் அது. கிறிஸ்து பிறப்பைப் பற்றி அவர் 1935இல் எழுதிய ஒன்பது ஆர்கன் துண்டுகளின் தொகுப்பு இருக்கிறது. அதன் கடைசித் துண்டு, 'தேவன் நம்மோடு' என்ற பொருள்படும் தலைப்புடையது, மிகக் கடினம். வாசிப்பவர்கள் பலரின் கனவு. நாலு நாலாக எண்ணிப் பழகியவர்கள் அவருடைய தாளங்களில் திணறுவார்கள். ஏழாகவும் ஐந்தாகவும் எண்ணும் மிஸ்ரத்தையும் கண்டத்தையும் மிருதங்கத்தில் கேட்டு வளர்ந்த காதுக்கு அவ்வளவு அன்னியமாக இருக்காது. பாசகாலியாவுக்குப் பிறகு இதை யோசியுங்கள். பாக், விடோர் நோட்டுகள் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மெஸ்ஸியான் நோட்டை மட்டும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

முதல் மேடை உங்கள் சொந்த தேவாலயமே. போதகரிடம் அனுமதி கேட்டு, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் 'இஹ் ரூஃப்' வாசியுங்கள். பெடலின் அடிமட்டச் சுரம் 33 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். சாதாரண ஸ்பீக்கரில் அது காணாமல் போய்விடும். அன்றைக்கு ஒரு சப்வூஃபரை வாடகைக்கு எடுங்கள்.

அதற்காகக் காத்திருக்காமல் சென்னைக்கு ஒருமுறை போய்வாருங்கள். செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலிலும், எழும்பூரில் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் தேவாலயத்திலும் பைப் ஆர்கன்கள் இருக்கின்றன. 1821இல் திறக்கப்பட்ட கர்க்கின் வட்டமான கூடத்தில், நீலக் குவிமாடத்தின் கீழ் உட்கார்ந்து ஓர் ஆராதனை முழுவதும் கேளுங்கள். 1705இல், 20 வயது பாக், பக்ஸ்டஹூட என்ற மூத்த கலைஞரின் வாசிப்பைக் கேட்பதற்காகவே ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக்குக்குச் சுமார் 400 கிலோமீட்டர் நடந்து போனார். காரைக்குடியிலிருந்து சென்னையும் ஏறத்தாழ அதே தூரம்தான், உங்களுக்கு ரயில் இருக்கிறது.

போவதற்கு மூன்று வாரம் முன்பே தேவாலய அலுவலகத்துக்கு, ஆர்கன் வாசிப்பவர் பெயருக்கு என்று ஒரு கடிதம் அனுப்புங்கள். எந்தச் சபையில் வாசிக்கிறீர்கள், கால் பயிற்சி எந்த அளவில் இருக்கிறது, எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று சுருக்கமாக எழுதி, ஆராதனை இல்லாத வேளையில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தால் விடோரை வாசித்துக் காட்டாதீர்கள். ஒரு பாமாலையை, கால்களோடு, மெதுவாக வாசியுங்கள். எந்தக் குழாய்கள் ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற ஸ்டாப்புகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அந்த ஆர்கன் கலைஞரிடமே கேளுங்கள்.