கும்பகோணத்தில் காவிரி எங்கே?

வணக்கம் சார்,

காவிரியைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எங்களுக்குத் திருப்பூர். இரண்டு வருடம் முன்பு ஏப்ரல் கடைசியில், பையனுக்குப் பரீட்சை முடிந்த கையோடு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு கும்பகோணம் போனோம். வேன் வைத்து ஒரே நாளில் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் பார்த்தோம். மறுநாள் ஊருக்குள் நான்கைந்து கோயில். கிளம்பும் முன் காவிரியைப் பார்த்துவிட வேண்டும் என்று படித்துறைக்குப் போனால் வெறும் மணல், காட்டாமணக்கு, பிளாஸ்டிக் பை, ஓரமாக ஒரு சாக்கடை. ஆறும் இவ்வளவு குறுகலாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "இதுதானாம்மா காவிரி? நம்ம நொய்யலே பரவாயில்ல" என்றான் பையன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொண்டுபோன பூவை அந்த மணலிலேயே வைத்துவிட்டு வந்தார்.

இப்போது ஆடிப்பெருக்குக்கு மறுபடி போக வேண்டும் என்கிறார். வயது 71, முழங்கால் வலி. நான்கு நாள் லீவு எடுக்க முடியும். பையனுக்கு 12 வயது, கோயில் என்றாலே முகம் சுளிக்கிறான். உண்மையைச் சொல்லுங்கள், அங்கே பார்க்க என்ன இருக்கிறது? நீங்கள் எழுதும் காவிரி இப்போதும் இருக்கிறதா?

பி., திருப்பூர்

அன்புள்ள பி.,

உங்கள் அம்மா பூவை மணலிலேயே வைத்துவிட்டு வந்தார் என்ற வரிக்குப் பிறகு சற்று நேரம் என்னால் மேலே படிக்க முடியவில்லை. நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. அந்த மணலையும் எனக்குத் தெரியும், அந்தச் சாக்கடையையும் தெரியும். உங்கள் பையன் கேட்டதில் தப்பே இல்லை.

முதலில் மாதக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணையில் நீர் இருப்பு சரியாக இருந்தால் ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள், ஜனவரி 28-இல் மூடுவார்கள். 1934-இல் அணை வந்த பிறகு டெல்டாவின் வருஷம் இந்த இரண்டு தேதிகளுக்குள்தான் ஓடுகிறது. நீங்கள் போன ஏப்ரலில் அணை மூடி மூன்று மாதம் ஆகியிருக்கும். அப்போது ஆற்றில் மணல்தான் இருக்கும். கோடை விடுமுறையை வைத்துப் பயணம் போடுகிறவர்கள் எல்லோருமே காவிரி இல்லாத காவிரியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்தத் தடவை உங்கள் அம்மா சொன்ன மாதம்தான் சரி.

ஆறு ஏன் குறுகல் என்பதற்கு வருகிறேன். திருச்சியில் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் காவிரி கண்ணுக்கு எட்டிய வரை விரிந்து கிடக்கும். பல ஆறுகள் கடலை நெருங்க நெருங்க அகலும். காவிரி அப்படியில்லை, மெலிந்துகொண்டே போகும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. கல்லணையில் வெண்ணாறும், புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. அப்புறம் குடமுருட்டி, அப்புறம் அரசலாறு. ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், அதிலிருந்து வயல் மடை. பூம்புகாரில் கடலைத் தொடும்போது காவிரி ஒரு வாய்க்கால் அளவுக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மீதியோடு போகிறது. கும்பகோணத்தில் நீங்கள் பார்த்தது பாதி வழியில் இருக்கும் காவிரி. ஊருக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் ஊர். படித்துறையில் நின்று காவிரியைத் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். மீதியை வயலில் தேட வேண்டும்.

அதனால் என் யோசனை இது. முதல் நாள் ஊருக்குள்ளேயே சுற்ற வேண்டாம். காலையில் ஒரு கார் வைத்துக்கொண்டு தெற்கே நீடாமங்கலம் சாலையில் போங்கள். சுமார் 25 கிலோமீட்டர். பையன் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, பாலம் வரும்போதெல்லாம் ஆற்றின் பெயரை எழுதச் சொல்லுங்கள். அரசலாறு, திருமலைராஜன் ஆறு, முடிகொண்டான் ஆறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று சேர்ந்துகொண்டே போகும். நடுவில் சின்ன வாய்க்கால்களை எண்ணினால் நோட்டில் பக்கம் போதாது. நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம். அங்கே வெண்ணாறு கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஷட்டருக்கு அடியில் தண்ணீர் திரண்டு, சுழன்று, மூன்று பக்கம் திரும்புவதை அவன் பார்க்கட்டும். அந்தச் சாலையிலேயே ஆலங்குடி இருக்கிறது, உங்கள் அம்மா குரு பகவானைக் கும்பிட்டுக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு கிரகம் போதும். ஒன்பது கோயில்களும் திருவையாற்றுப் பக்கத்துத் திங்களூரிலிருந்து பூம்புகார்ப் பக்கத்துக் கீழப்பெரும்பள்ளம் வரை, தெற்கே காரைக்கால் அருகே திருநள்ளாறு வரை சிதறிக் கிடப்பவை. ஒரே நாளில் அதைச் சுற்றினால் டெல்டா முழுவதையும் வேன் ஜன்னல் வழியாகக் கடந்துவிட்டு ஒரு வயலில்கூடக் கால் வைக்காமல் வந்திருப்பீர்கள். என் அம்மாவையும் நான் ஒருமுறை அப்படிக் கூட்டிப்போயிருக்கிறேன். இருட்டிய பிறகு ஏழாவது கோயில் வாசலில் இறங்கி, "இது எந்தக் கோயில்டா?" என்று கேட்டார். எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அன்று அவருக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

ஆடியில் குறுவைப் பயிர் நன்றாகத் தூர் கட்டி நிற்கும். பக்கத்திலேயே சம்பாவுக்கு நாற்றங்கால் தயாராகும். ஒரே இடத்தில் கரும்பச்சை, இளம்பச்சை, உழுத சேறு மூன்றையும் பார்க்கலாம். யாராவது மடை திறந்துகொண்டு நின்றால் காரை நிறுத்திப் பேச்சுக் கொடுங்கள். "முறை வந்திடுச்சா?" என்று கேட்டால் போதும், அப்புறம் அவர்களே பேசுவார்கள். எந்த வாய்க்காலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்பதுதான் அங்கே எல்லோருக்கும் முதல் கவலை. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர்களுக்கு அது இன்னும் பெரிய கவலை.

புதுத் தண்ணீர் வருவதை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன், அதைச் சொல்லியாக வேண்டும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். எங்கள் ஊருக்கு அதற்கும் பிறகு. பள்ளி விட்டு வரும்போதே யாராவது "தண்ணி வந்துட்டிருக்கு" என்பார்கள். பையை வீசிவிட்டு ஆற்றுக்கு ஓடுவோம். நான் முதல் தடவை பார்த்தபோது ஏமாந்துதான் போனேன், அலை அடித்துக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது ஒரு சாண் உயரம்கூட இல்லை. சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, செம்மண் நிறத்தில், ஆள் நடக்கும் வேகத்தில் வந்தது. ஒரு பள்ளம் வந்தால் நின்று, அது நிரம்பிய பிறகு மேலே நகரும். சூடேறிய மணல் தண்ணீரை உறிஞ்சும்போது 'சுர்' என்று ஒரு சத்தம். மணலுக்குள்ளிருந்து குமிழ் குமிழாகக் காற்று வரும். எறும்புகளும் வண்டுகளும் முன்னால் ஓட, நாங்கள் தண்ணீருக்கு முகத்தைக் காட்டியபடி பின்னால் பின்னால் நடப்போம். படித்துறையில் காத்திருக்கும் பெண்கள் மஞ்சளையும் குங்குமத்தையும் தூவிக் கற்பூரம் ஏற்றுவார்கள். அன்றைக்குப் பார்த்த அந்தச் சாண் உயரத் தண்ணீரை விடப் பெரிய வெள்ளத்தை நான் அதற்குப் பிறகு எத்தனையோ பார்த்துவிட்டேன். மனதில் நிற்பது அதுதான்.

இரண்டாம் நாள் மேற்கே. சுவாமிமலையில் அம்மாவை மலைக்கோயில் படி ஏற்ற வேண்டாம், அறுபது படி. கீழே நின்று கும்பிட்டாலும் சுவாமிநாதன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் உலோகச் சிலை வார்க்கும் ஒரு ஸ்தபதியின் பட்டறைக்குள் கட்டாயம் போய்ப் பாருங்கள். அனுமதி கேட்டால் விடுவார்கள். சிலைக்கு அளவு எடுப்பது ஒரு தென்னை ஓலையில். சிலையின் உயரத்துக்கு ஓலையைக் கிழித்து, அதை மடித்து மடித்துத் தலை இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். டேப் வைத்து அளப்பதில்லை. மெழுகில் செய்த உருவத்தின் மேல் முதலில் பூசுவது காவிரி வண்டல் மண். விரலில் எடுத்தால் மாவு போல இருக்கும், நகக்கண் வரை படியும். சிலையின் விரல் ரேகையும் நகையின் கொக்கியும் அப்படியே அச்சில் விழுவதற்கு அந்த நைசு வேண்டும். நிழலில் காய வைத்து, மேலே மணல் கலந்த மண் பூசி, கம்பி கட்டி, வரட்டி அடுக்கிச் சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். உங்கள் பையன் கோயிலுக்கு வரும்போது சுளிக்கும் முகத்தை இங்கே சுளிக்க மாட்டான்.

திரும்பும் வழியில் பட்டீஸ்வரம், பழையாறை. சோழர்களின் மாளிகை இருந்த ஊர் பழையாறை. முடிகொண்ட சோழபுரம் என்று அதற்கு இன்னொரு பெயர் இருந்தது. மாளிகையின் ஒரு செங்கல்லைக்கூட இன்று நீங்கள் காட்ட முடியாது, தென்னந்தோப்பும் வயலும்தான். ஆனால் நோட்டில் பையன் எழுதிய முடிகொண்டான் ஆறு நினைவிருக்கிறதா? அந்தப் பெயர் தண்ணீரில் தங்கிவிட்டது. பட்டீஸ்வரத்தில் பெரிய கோயில் கூட்டமாக இருக்கும். பக்கத்தில் பஞ்சவன் மாதேவீச்சரம் என்ற பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில், ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவிக்கு, அவர் மறைந்த பிறகு ராஜேந்திரன் எடுப்பித்தது. பெற்ற தாய் இல்லை, சிற்றன்னை. பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள்.

தாராசுரம் கோயிலை மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. யானையும் காளையும் ஒரே தலையில் இருக்கும் சிற்பத்தை எல்லோரும் காட்டுவார்கள். நான் சொல்ல வருவது வேறு. கருவறையைச் சுற்றிய அடிப்பகுதியில், சாண் அளவே இருக்கும் கட்டங்களில் நாயன்மார் கதைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்க்க வேண்டும். அதில் முதலையுண்ட பாலகனைச் சுந்தரர் மீட்கும் காட்சியைத் தேடச் சொல்லுங்கள் பையனிடம். அது நடந்ததாகச் சொல்லும் இடம் உங்கள் ஊருக்குப் பக்கத்து அவிநாசி. திருப்பூரிலிருந்து வந்தவனுக்கு அங்கே தன் ஊர்க் கதை காத்திருக்கிறது. வாசலிலிருந்து வெளியே வந்தால் சௌராஷ்டிர நெசவாளர் தெருக்களில் தறிச் சத்தமும் கேட்கலாம்.

கங்கைகொண்ட சோழபுரம் 35 கிலோமீட்டர்தான், ஆனால் இந்தத் தடவை வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

மூன்றாம் நாள் ஊர். நான்கு கோயிலுக்குப் பதில் நாகேஸ்வரன் கோயில் ஒன்று போதும் என்பேன். 9-ஆம் நூற்றாண்டுக் கோயில். கருவறைச் சுவர் மாடங்களில் ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள். அரச குடும்பத்தார் என்கிறார்கள் சிலர், ராமாயணப் பாத்திரங்கள் என்கிறார்கள் சிலர். சற்றே திரும்பிய நிலையில், சுவரிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தது போல இருக்கும். தெற்குச் சுவருக்கு எதிரில் நின்று ஒரு முகத்தை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். பார்க்கப் பார்க்க அது தெரிந்த முகமாகிவிடும். அங்கிருந்து சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீடு. திண்ணை வைத்த சின்ன வீடு. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல், காவிரிக் கரையில் இருக்கும் இதே ஊர்க் கல்லூரியில் அவர் உதவித்தொகையை இழந்தார் என்பதையும் பையனிடம் சொல்லுங்கள். காப்பி நல்லதாகக் கிடைக்கும். எங்காவது இட்லிக்குக் கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்த குழம்பு) போட்டால் விடாதீர்கள். வெற்றிலை வாங்கும்போது கவுளியை, அதாவது கட்டைப் பிரித்து ஒன்றை முகர்ந்து பாருங்கள், காரம் மூக்கிலேயே தெரியும்.

சாக்கடையைப் பற்றி. உங்கள் கோபம் என் கோபமும்தான். தண்ணீர் ஓடும் ஏழு மாதம் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஊர்க் கழிவு ஆற்றில் விழக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பையனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். உங்கள் நொய்யல் கரூர்ப் பக்கம் வந்து காவிரியில்தான் சேர்கிறது. இரண்டும் வேறு வேறு ஆறு இல்லை. திருப்பூரில் ஓடுவதும் கும்பகோணத்துப் படித்துறைக்கு வந்து சேரும்.

நான்காம் நாளை ஆடிப் பதினெட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 2 அல்லது 3 வரும், காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குள் பகவத் படித்துறைக்குப் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் கூட்டத்தில் படியே தெரியாது, அம்மாவால் இறங்க முடியாது. காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி எல்லாம் வழியிலேயே விற்பார்கள். பூ மட்டும் முதல் நாள் இரவே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். படி வழுக்கும், ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் பையன் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசிப் படி வரை போக வேண்டியதில்லை. தண்ணீர் ஏறியிருந்தால் மேலே இரண்டாவது, மூன்றாவது படியிலேயே உட்கார்ந்து அம்மா பூவை விட்டுவிடலாம்.