வெர்கெலேகன் பண்ணையில் ஒரு நாள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கேப் டவுனில் பணிபுரியும் மகளைப் பார்க்க நானும் கணவரும் செல்லவிருக்கிறோம். அருகிலுள்ள வெர்கெலேகன் பண்ணை வீடும் தோட்டங்களும் காணத்தக்கவை என்று மகள் எழுதியிருக்கிறாள். திராட்சை மதுவில் நாட்டமில்லாத எங்களுக்கு அங்கே ஒரு நாளைச் செலவிடும் அளவுக்கு ஏதேனும் உண்டா? அங்குள்ள இயற்கைக் காப்பகம் எத்தகையது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தயங்காமல் செல்லுங்கள். கேப் டவுனிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், சாமர்செட் வெஸ்ட் என்ற ஊரின் அருகே மலையடிவாரத்தில் இப்பண்ணை இருக்கிறது. 1700ஆம் ஆண்டில் இந்நிலத்தைப் பெற்ற கேப் பகுதியின் டச்சு ஆளுநர் வில்லெம் அட்ரியான் வான் டெர் ஸ்டெல், அப்பகுதியை ஆண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்களையும் பொருள்களையும் சொந்தப் பண்ணைக்குப் பயன்படுத்தினார் என்று ஆதாம் டாஸ் முதலிய குடியானவர்கள் முறையிட்டதால், 1707இல் பதவியிழந்து திரும்ப நேர்ந்தது. வீட்டின் முன்னே நிற்கும் ஐந்து கற்பூர மரங்கள் அவர் காலத்தில் நடப்பட்டவை. 1942இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. நம் பூசையறைக் கற்பூரம் முற்காலத்தில் வடித்தெடுக்கப்பட்டது இந்த இனத்து மரத்திலிருந்துதான். வீட்டுக்குள் நுழையும் அவசரத்தில் இவற்றைக் கடந்துவிடாதீர்கள்; அடிமரத்தின் பருமனைச் சுற்றிவந்து பார்ப்பதற்கே நேரம் ஒதுக்க வேண்டும்.

1917இல் இப்பண்ணை பிலிப்ஸ் குடும்பத்தாரின் கைக்கு வந்தபின், ஃபுளோரன்ஸ் பிலிப்ஸ் அம்மையார் வீட்டையும் தோட்டங்களையும் புதுப்பித்தார். வீட்டை ஒட்டிய எண்கோணத் தோட்டம் அழகானது. தேயிலையின் நெருங்கிய உறவான கமேலியா செடிகள் இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பூக்கின்றன.

ஆனால் இந்த அழகை உருவாக்கிய கைகளை மறந்துவிட்டுப் பார்ப்பது முறையன்று. வான் டெர் ஸ்டெலின் பண்ணை அடிமைகளின் உழைப்பால் எழுந்தது. அக்காலத்தில் கேப் பகுதிக்கு மடகாஸ்கரிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் மட்டுமன்றி, வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கடற்கரை ஆகிய இடங்களிலிருந்தும் மக்கள் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அடிமைகள் வசித்த கட்டடம் இருந்த இடத்தை அகழ்ந்த ஆய்வாளர்கள், அதன் தரைக்கடியில் புதைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றை வேதியியல் முறையில் ஆராய்ந்தபோது, அவள் வெப்பமண்டல நாடொன்றில் வளர்ந்து, பின்னர் இங்கே வந்தவள் என்று தெரிந்தது. அவளுடைய ஊரும் பெயரும் எந்தப் பதிவிலும் இல்லை. வழிகாட்டியுடன் சென்றால் இவ்வரலாற்றை நீங்களே கேட்டுப் பெறுங்கள்.

காப்பகத்தைப் பற்றி: பண்ணையின் பெரும்பகுதி விளைநிலமன்று. ஃபின்போஸ் எனப்படும் தாழ்ந்த புதர்த்தாவரங்கள் இம்மலைகளுக்கே உரியவை. ஆனால் பைன், தைல மரம், வாட்டில் ஆகிய அயல் மரங்கள் பரவி, நீரை உறிஞ்சி, அவற்றை நெருக்கிவிட்டன. நீலகிரியின் சோலைகளும் புல்வெளிகளும் இதே மரங்களால் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். இங்கோ 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் அம்மரங்களை அகற்றிப் பழைய தாவரங்கள் மீள வழிசெய்திருக்கிறார்கள். இம்முயற்சிக்காகவே நான் இப்பண்ணையைப் பெரிதும் மதிக்கிறேன்.

புதர்கள் பூத்திருப்பதைக் காண விரும்பினால் ஆகஸ்ட் இறுதி முதல் அக்டோபர் வரை செல்லுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்கள் அங்கே வறண்ட கோடை. மலைப்பகுதிக்குள் நடக்க எந்தெந்த நாள்களில் அனுமதி உண்டு என்பதை மகளிடம் சொல்லி முன்னரே விசாரித்துவிடுங்கள்.