பீஸ் ரேட், போனஸ், கூலி உயர்வு: திருப்பூர் வாசகர் கேள்விகள்

கேள்வி: பனியன் கம்பெனியில் பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) டெய்லர் நான். புது ஸ்டைல் வந்தால், "முதல்ல ஓட்டுங்க, ரேட் அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார் முதலாளி. சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போதுதான் ரேட்டே, அதாவது ஒரு பீஸுக்கு எவ்வளவு கூலி என்பதே, தெரிகிறது.

பதில்: லாட் (தைக்க வேண்டிய துணிகளின் தொகுதி) இறங்கும் முன்பே பேசிவிடுங்கள். தைத்துக் கொடுத்த பிறகு பேச உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. சாம்பிள் பீஸ் தைக்கும்போதே நேரத்தைக் கவனியுங்கள். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 87.50. அந்த ஸ்டைலில் மணிக்கு 25 பீஸ்தான் ஓடும் என்றால், பீஸுக்கு 3.50 கிடைத்தால்தான் ஷிப்டுக்குச் சமம். ஒரு பாக்கெட் கூடி 20 பீஸாகக் குறைந்தால் ரேட் 4.40 பக்கம் வர வேண்டும். "கட்டுப்படியாகவில்லை" என்று வெறுமனே சொல்லாமல், இந்தக் கணக்கைச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள். பேச்சு வேறு மாதிரி போகும். தனியாகப் போக வேண்டாம், ஓவர்லாக், பேட்லாக் மெஷின் ஓட்டும் ஆட்களையும் கூட்டிப் போங்கள். முடிவான ரேட்டைத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள்.

கேள்வி: இந்த வருடம் நஷ்டம், அதனால் போனஸ் இல்லை என்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், தொடங்கிச் சில வருடங்களே ஆன புது நிறுவனமும் இல்லை என்றால், நஷ்டத்திலும் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே உங்களுக்குப் பாத்தியதை உண்டு. அதற்கு மேல், 20 சதவீதம் வரை, பேசி வாங்க வேண்டியது.

கேள்வி: நான் கம்பெனி நடத்துகிறேன், என்னிடம் 14 பேர் வேலை செய்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து கூலி உயர்வு கேட்கிறார்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்பது மறுநாள் டீக்கடையிலேயே தெரிந்துவிடும். அப்புறம் உங்கள் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். அவர்களையே மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஆர்டர் விலை, நூல் விலை, ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை) செலவு எல்லாவற்றையும் முன்னால் வையுங்கள். தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் போடும் பொது ஒப்பந்தத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டால் பாதி வாக்குவாதம் குறையும். 1984இல் பஞ்சப்படிக்காக (விலைவாசிக்கு ஏற்பத் தரும் படி) 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. பேச்சை இழுத்தடித்தால் இரண்டு பக்கமும் என்ன இழக்கும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஒரே தடவையில் கொடுக்க முடியாவிட்டால் வருடத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: என் ஆட்கள் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் ஒன்றரை சம்பளம் தருகிறேன். போதாதா?

பதில்: போதாது. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போகும் வேலைக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி. அந்தக் கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முழு ஷிப்ட் சம்பளம் ஆகும். ஆர்டருக்கு விலை பேசும்போதே இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.