பேப்பர் இல்லாத அப்ரண்டிஸ்

கேள்வி: அய்யா, அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் டிரேடு இரண்டு வருஷம் முடித்துவிட்டேன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில், "அப்ரண்டிஸாக வா, மாதம் 9,000 தருகிறோம்" என்கிறார்கள். 12 மணி நேர ஷிஃப்ட். ஒப்பந்தம் ஏதாவது உண்டா என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். ரயில்வே அப்ரண்டிஸுக்குப் போனால் 7,000 ரூபாய்தான், வேலையும் நிச்சயமில்லை, அதற்குத் தெரு முனை மோட்டார் காயில் ரீவைண்டிங் கடையே மேல் என்கிறார் மாமா. நான் எங்கே சேர?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: தம்பி, அவர்கள் சிரித்தார்கள் இல்லையா, அதிலேயே பதில் இருக்கிறது. ஒப்பந்தம் போட்டு, அது அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவானால்தான் 1961-ஆம் வருஷ அப்ரண்டிஸ் சட்டப்படி நீ அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர். இல்லையென்றால், குறைந்த கூலிக்குக் கிடைத்த ஆள், அவ்வளவுதான். பதிவான அப்ரண்டிஸுக்கு வேலையில் அடிபட்டால் இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகர் அனுமதிக்காமல் அவனிடம் ஓவர்டைம் வாங்கக் கூடாது. தினமும் 12 மணி நேரம் என்று வாய் கூசாமல் சொல்கிறவர்கள் அந்தச் சட்டத்தின் பக்கமே போகாதவர்கள்.

நானும் இப்படி ஏமாந்தவன். 1983-இல் ஐடிஐ முடித்த கையோடு ஒரு மில்லில் சேர்ந்தேன். பேர் அப்ரண்டிஸ். முதல் மூன்று மாதம் மோட்டார் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவியதும், ஃபிட்டருக்கு டீ வாங்கியதும்தான் பயிற்சி. பதினோராம் மாதம் ஆள் குறைப்பு என்று அனுப்பினார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அடுத்த இடத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆனால் அதே மில்லில் ஒரு வயர்மேன் இருந்தார். ஒரு லைனில் கை வைக்குமுன் டெஸ்ட் லேம்பை முதலில் சப்ளை இருக்கும் இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பார். அப்புறம் வேலை செய்யப்போகிற லைனில் வைப்பார். எரியாவிட்டாலும் நம்பாமல், மறுபடி சப்ளையில் வைத்து லேம்ப் உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்ப்பார். நடுவில் பல்பு போயிருந்தால் செத்த லைன் என்று நினைத்து உயிருள்ள லைனைத் தொட்டுவிடுவோம், அதற்காக. மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைப் பிரித்து, ஸ்டாரில் ஸ்டார்ட் செய்தால் லைன் கரண்ட் டெல்டாவில் இழுப்பதில் மூன்றில் ஒன்றுதான் என்பதை, கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டர் போட்டுக் காட்டியதும் அவர்தான். அதனால் எங்கே போனாலும் "யார் கூட என்னை நிறுத்துவீர்கள், பேனலைத் திறக்க விடுவீர்களா?" என்று கேள். ஸ்டைபெண்டை, அதாவது மாதப் பயிற்சித் தொகையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேள்.

சரி, ரயில்வே. 2019-இல் திருத்திய விதியில் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்சம் 7,000 என்று இருந்தது, மாமா சொன்னது அதைத்தான். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் சரி. ஆனால் அவர் ஒன்றை விட்டுவிட்டார். ரயில்வேயின் லெவல்-1 எனப்படும் கடைநிலைப் பணிக் காலியிடங்களில் 20 சதவீதம், ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு. தெற்கு ரயில்வேயில் அப்ரண்டிஸாகச் சேர எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐடிஐ மதிப்பெண்ணையும் வைத்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். உனக்குப் பக்கத்திலேயே போத்தனூர் சிக்னல்-டெலிகாம் பட்டறை இருக்கிறது. பொன்மலை, பெரம்பூர் அறிவிப்புகளையும் விடாதே. மதிப்பெண் எட்டவில்லை என்றால் முதலில் சொன்ன அரசு இணையதளத்தில் தனியார் கம்பெனிகளைத் தேடு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 2.5 சதவீதமாவது அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டால் சேர்க்கை முகாம் எப்போது என்று சொல்வார்கள்.

ரீவைண்டிங் கடையை நான் இளக்காரமாகச் சொல்ல மாட்டேன். சுற்று எண்ணிச் சுற்றுவது, வார்னிஷ் விடுவது, மெக்கரில் இன்சுலேஷன் பார்ப்பது எல்லாம் அங்கே கை பழகும். ஆனால் அங்கிருந்து தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வராது. அறிவிப்பு வரும் வரை சாயங்காலம் போய் உட்கார்.

கேள்வி: என் மகள் எலக்ட்ரானிக்ஸ் படிப்பான இசிஇயில் டிப்ளமோ முடித்திருக்கிறாள். ஐடிஐ பிள்ளைகள் பதியும் இணையதளத்திலேயே இவளும் பதியலாமா? பெண் பிள்ளையை ஃபேக்டரிக்கு அனுப்பத் தயக்கமாகவும் இருக்கிறது.
– ஒரு தாய், தென்காசி

பதில்: அம்மா, டிப்ளமோவுக்கு வழி வேறு. அவள் பதிய வேண்டியது 'நாட்ஸ்' எனப்படும் மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டத்தில். நம் பக்கத்துக்கு அதன் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பயிற்சி ஒரு வருஷம். 2019 விதியில் டிப்ளமோவுக்குக் குறைந்தபட்சம் 8,000 என்று இருந்தது.

தயக்கம் புரிகிறது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் எலக்ட்ரானிக்ஸ் லைன்களில் போய்ப் பார்த்தால் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். நீங்கள் விசாரிக்க வேண்டியது ஹாஸ்டலையும், நைட் ஷிஃப்ட் உண்டா, பஸ் வாசல் வரை வருமா என்பதையும். அவள் விசாரிக்க வேண்டியது, வருஷம் முழுக்க ஒரே ஸ்க்ரூவை முடுக்க விடுவார்களா, டெஸ்டிங்குக்கும் ரிப்பேர் மேஜைக்கும் மாற்றுவார்களா என்பதை.