தண்டவாளத்தைச் சோதிக்கும் வண்டிகள்: பகவதிபுரம் வாசகரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: செங்கோட்டையை அடுத்த பகவதிபுரம் பக்கம் ரயில் பாதையை ஒட்டி எங்கள் தோப்பு இருக்கிறது. ஒரே மாதத்தில் நான்கு விதமான வண்டிகள் வந்து போயின. அதிகாரி குடையோடு உட்கார்ந்திருக்க ஆட்கள் தள்ளிச் சென்ற டிராலி ஒன்று; தண்ணீர் சொட்டச் சொட்ட இருவர் உருட்டிச் சென்ற சிறிய கருவி வண்டி ஒன்று; பின்புறம் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த பெட்டி ஒன்று; கூரைமேல் மேடை வைத்த மஞ்சள் வண்டி ஒன்று. உருட்டு வண்டி போன பிறகு பார்த்தால், எங்கள் தோப்புக்கு நேரே தண்டவாளத்தின் பக்கவாட்டில் சிவப்பு வண்ணத்தில் மூன்று பெருக்கல் குறிகள். அன்றே ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்தினார்கள், ரயில்களும் மெதுவாகப் போயின, இரண்டு நாளில் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு வேறு தண்டவாளம் வைத்தார்கள். பாதை பழுதாகிவிட்டதா? இத்தனை வண்டிகள் எதற்கு? விரிசலை நாங்களே பார்த்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். நீங்கள் விவரித்த ஒவ்வொன்றும் சோதனை முறை சரியாக நடந்திருப்பதற்கான அடையாளம். இரும்பின் உள்ளே இருந்த ஒரு குறை வெளியே தெரியவருவதற்கு முன்பே பிடிபட்டு, விதிப்படி அகற்றப்பட்டிருக்கிறது. மூன்று சிவப்புப் பெருக்கல் குறிகள் இட்டால் அந்தத் துண்டை உடனடியாக மாற்ற வேண்டும் என்று பொருள். மூன்று நாட்களுக்குள் மாற்றியாக வேண்டும், அதுவரை அவ்விடத்தில் ரயில்கள் மணிக்கு 30 கிலோமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த வேகத்திலேயே செல்ல வேண்டும், காவலுக்கும் ஆள் நிற்க வேண்டும். ஒரே ஒரு பெருக்கல் குறி என்றால் அந்த இடத்தைக் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். பற்றவைத்த இணைப்புகளின் அருகேயும் வண்ணம் பூசி எண் எழுதுவது வழக்கம் என்பதால், வண்ணத்தைக் கண்டவுடன் ஆபத்து என்று எண்ணிவிட வேண்டாம்.

அந்தக் குறையைக் கண்டுபிடித்தது தண்ணீர் சொட்டச் சென்ற சிறிய வண்டிதான். மருத்துவமனையில் வயிற்றில் களிம்பு தடவி ஸ்கேன் எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; அதே மீயொலிச் சோதனைதான் இங்கும் நடக்கிறது, களிம்புக்குப் பதிலாகத் தண்ணீர். கருவியின் முனைக்கும் இரும்புக்கும் இடையில் காற்று புகுந்தால் ஒலி உள்ளே இறங்காது என்பதால்தான் அந்தத் தண்ணீர் இடைவிடாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. நேர் கீழாக ஒலியை அனுப்பும் முனை, தண்டவாளத்தில் கிடைமட்டமாகப் பிளந்திருக்கும் குறையைக் காட்டும். ஆனால் மிகவும் ஆபத்தான விரிசல் தண்டவாளத்தின் தலைப்பகுதிக்குள் குறுக்காக, ஏறக்குறைய செங்குத்தாக வளரும். மேலிருந்து நேராக இறங்கும் ஒலி அதன்மேல் படாமலே கடந்துவிடும். அதனால் 70 பாகை சாய்வில் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒலியை அனுப்பும் முனைகளையும் பொருத்துகிறார்கள். அவை வினாடிக்கு 20 இலட்சம் முறை அதிரும் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைத் திரையில் காட்டுகின்றன.

இந்த அக்கறைக்குப் பின்னால் பெரும் துயரங்கள் இருக்கின்றன. 1911-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மான்செஸ்டர் என்ற ஊரில், வெளியே யாருக்கும் தெரியாத உள்விரிசலால் தண்டவாளம் உடைந்து ரயில் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது என்பது அங்கே உறுதியாயிற்று. எல்மர் ஸ்பெர்ரி என்ற பொறியாளர், தண்டவாளத்தில் மின்சாரம் செலுத்தி உள்விரிசலைக் கண்டறியும் வண்டியை உருவாக்கி 1928-இல் ஓடவிட்டார். மீயொலி முறை பிற்காலத்தில் வந்தது. முழு வண்டியே ஓடியபடி மீயொலிச் சோதனை செய்யும் ஏற்பாடு நம் நாட்டிலும் உண்டு என்றாலும், கையால் உருட்டும் வண்டியையே நாம் பெரிதும் நம்பி வந்திருக்கிறோம். வெயிலிலும் மழையிலும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நடக்கும் அந்த ஊழியரின் கவனத்தில்தான் நூற்றுக்கணக்கான பயணிகளின் உயிர் இருக்கிறது என்பதை நான் மனமார நம்புகிறேன்.

நீங்கள் குறிப்பிடாத ஐந்தாவது வண்டி ஒன்றும் உண்டு. அது சாதாரணப் பயணிகள் பெட்டி போலவே இருப்பதால் உங்கள் கவனத்துக்கு வந்திருக்காது. பாதையின் வடிவத்தை ஓடியபடியே பதிவு செய்யும் அந்த வண்டியை ‘டிராக் ரெக்கார்டிங் கார்’ என்கிறார்கள். லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பு இத்தகைய வண்டிகளை நாடெங்கும் அனுப்புகிறது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே இருக்க வேண்டிய 1676 மில்லிமீட்டர் அகலம், ஒவ்வொரு தண்டவாளத்தின் மேடுபள்ளம், பக்கவாட்டு நெளிவு, இரண்டுக்கும் இடையிலான உயர வேறுபாடு, முறுக்கம் ஆகியவற்றை அது அளந்துகொண்டே போகும். நெடுங்காலம் பயன்பாட்டில் இருந்த தரக் குறியீட்டில் அகலத்துக்கு ஒரு பங்கு, முறுக்கத்துக்கு ஒரு பங்கு, மேடுபள்ளத்துக்கு இரண்டு பங்கு, பக்கவாட்டு நெளிவுக்கு ஆறு பங்கு என்று மதிப்பு வைத்திருந்தார்கள். குறியீடு 80-க்கு மேல் இருந்தால் பராமரிப்பு தேவையில்லை என்று கொண்டார்கள். 36-க்குக் கீழே போனால் அவசரமாகக் கை வைக்க வேண்டியிருந்தது.

இவற்றில் முறுக்கம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். மேடுபள்ளமான தரையில் நாற்காலியைப் போட்டால் மூன்று கால்கள் ஊன்றி ஒரு கால் தொங்கும் அல்லவா? 3.6 மீட்டர் போன்ற குறுகிய தூரத்துக்குள் ஒரு தண்டவாளம் மற்றதைவிடச் சட்டென்று தாழ்ந்தால், நான்கு சக்கரங்களில் ஒன்றின்மேல் பாரம் குறைந்துவிடும். வளைவில் பக்கவாட்டு அழுத்தமும் சேர்ந்துகொண்டால், பாரம் குறைந்த அந்தச் சக்கரம் தண்டவாளத்தின்மேல் ஏறித் தடம் புரளலாம். வளைவுகள் நிறைந்த புனலூர்–செங்கோட்டைப் பாதையில் பொறியாளர்கள் இந்த எண்ணை மிகக் கவனமாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

இத்தனையையும் அளக்கக் கனமான வண்டியே ஏன் வேண்டும் என்று கேட்கலாம். ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லி இறங்கிப்போய், கட்டை தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும் நிலை உண்டு. பாரம் இல்லாதபோது பார்த்தால் பாதை நூல் பிடித்தது போல் இருக்கும். ரயில் ஏறினால்தான் பள்ளம் விழும். தள்ளு டிராலியின் எடை அதைக் காட்டாது. நான் மலைப் பாதையில் டிராலியில் சென்ற காலத்தில், மழை ஓய்ந்த ஒரு காலையில் வளைவில் நான்கைந்து கட்டைகளைச் சுற்றி மட்டும் ஜல்லி வெளுத்திருந்ததையும், கட்டையின் பக்கங்களில் சேறு தெறித்துக் காய்ந்திருந்ததையும் கண்டு டிராலியை இறக்கி ஓரமாக வைக்கச் சொன்னேன். அடுத்த பயணிகள் ரயில் கடந்தபோது ஒவ்வொரு சக்கரத்துக்கும் அந்தக் கட்டைகள் கீழே அமிழ்ந்து எழுந்தன. ஒவ்வொரு முறையும் கலங்கல் நீர் பீச்சியடித்தது. மேலே ஏறிப் பார்த்தால், தேக்கு இலைகள் அடைத்துப் பக்கவாட்டு வடிகால் நிரம்பியிருந்தது. பதிவு வண்டி அங்கே பள்ளம் இருப்பதைத் துல்லியமாகச் சொல்லியிருக்கும். வடிகாலில் கிடந்த இலையை அதனால் சொல்ல முடியாது. சரிந்துவரப் பார்க்கும் பாறை, பாலத்தின் கண்ணில் வளரும் ஆலங்கன்று, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருப்பது ஆகியவற்றை டிராலியில் செல்பவரும் நாள்தோறும் நடந்து பார்க்கும் கீமேனும்தான் காண்கிறார்கள். கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம் போன்ற பழைய கட்டுமானங்கள் உள்ள பாதையில் அந்த மனிதர்களின் பார்வைக்கு மாற்று கிடையாது என்பதே என் கருத்து.

பயணிகள் பெட்டியின் தளத்தில் சிறிய பெட்டி ஒன்றை வைத்துக் குலுக்கலை அளக்கும் முறையும் உண்டு. குலுக்கல் வேகத்தோடு கூடுவது. ஆகவே ரயில்கள் மெதுவாக ஏறும் மலைப் பகுதியில் அந்தக் கருவி அமைதியாக இருப்பதை மட்டும் வைத்துப் பாதை நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது சரியாகாது.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணாடி ஜன்னல் வைத்த பெட்டி உயர் அதிகாரிகள் பின்னோக்கி அமர்ந்து பாதையைப் பார்த்துச் செல்வதற்கானது. புதிய பாதையைப் பயணிகளுக்குத் திறக்கும் முன் ஆய்வு செய்யும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின்கீழ் வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் வருகிறார். ஓட்டுபவரே சோதிப்பவராகவும் இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கூரைமேல் மேடை உள்ள மஞ்சள் வண்டி ‘டவர் வேகன்’. அது மின்கம்பிகளைப் பராமரிப்பது, தண்டவாளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி, நீங்கள் செய்யக்கூடியது. கூர்மையான வளைவுகளில் தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைக்க விதி பொதுவாக இடம் தராது. அகலப் பாதையில் 440 மீட்டருக்கும் குறைந்த ஆரம் கொண்ட வளைவுகளில் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. எனவே அங்கே இரு துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். இருபுறமும் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் முடுக்கியிருப்பார்கள். அது வெயிலில் இரும்பு நீள்வதற்காக விட்ட இடம், உடைப்பு அன்று. பட்டையும் போல்ட்டும் இல்லாத இடத்தில் இடைவெளியோ குறுக்குக் கோடோ தெரிந்தாலும், வழக்கமாகக் கேட்காத ‘டக்’ என்ற ஓசை ஒரே இடத்தில் ஒவ்வொரு ரயிலுக்கும் கேட்டாலும், உடனே நிலைய அதிகாரியிடமோ கேட் காப்பாளரிடமோ சொல்லுங்கள். அல்லது 139 என்ற எண்ணை அழையுங்கள். பாதைக்குள் இறங்க வேண்டாம். அருகிலுள்ள மின்கம்பத்தின் பலகையில் மேலும் கீழுமாக இரண்டு எண்கள் இருக்கும். மேலே உள்ளது கிலோமீட்டர், கீழே உள்ளது அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை எண். அவ்விரண்டையும் சொன்னால் ஊழியர்கள் தேடி அலைய வேண்டியிருக்காது. அதற்குள் ரயில் வந்துவிடும் போலிருந்தால், பாதைக்கு வெளியே ரயிலை ஓட்டும் லோகோ பைலட் கண்ணில் படும்படி நின்று சிவப்புத் துணியைக் காட்டுங்கள். துணி இல்லையென்றால் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டுங்கள், ரயில்வே விதிப்படி அதுவும் நிறுத்தக் குறிதான். இரவென்றால் வெள்ளை டார்ச் ஒளியை உடலுக்குக் குறுக்கே வேகமாக இப்படியும் அப்படியும் வீசினால் போதும்.