கேளுங்க டாக்டர்: ரெண்டாம் நாளே கிருமி எங்கருந்து வந்துச்சு?

கேள்வி: டாக்டர், நாங்க டெல்லி மயூர் விஹார்ல இருக்கோம், என் மகளுக்கு அடுத்த மாசம் டெலிவரி. பக்கத்து பிளாட் பொண்ணுக்குப் பொறந்த குழந்தைய ரெண்டாம் நாளே என்.ஐ.சி.யூ.ல (பச்சக்குழந்தைங்க தீவிர சிகிச்சை வார்டு) வெச்சுட்டாங்க, ரத்தத்துல கிருமியாம். கேட்டா "அது அம்மாகிட்டருந்து வந்தது"ன்னுட்டாங்க. அவ தன்னாலதான்னு அழுதுட்டே இருக்கா. நிஜமா? நாங்க எப்படி ஜாக்கிரதையா இருக்கறது?
- ஒரு வாசகி, மயூர் விஹார்

பதில்: அந்தப் பொண்ண முதல்ல அழ வேண்டாம்னு சொல்லுங்கம்மா. 72 மணி நேரத்துக்குள்ள வந்தா அம்மாகிட்டருந்து, அப்புறம் வந்தா ஆஸ்பத்திரியிலருந்துன்னு ஒரு பழைய கணக்கு உண்டு, அது நம்ம ஊருக்கு சரிப்பட்டு வரல. உங்க டெல்லியிலயே மூணு பெரிய ஆஸ்பத்திரியில 2011லருந்து 2014 வரைக்கும் பார்த்து 2016ல லான்செட் குளோபல் ஹெல்த்ங்கற மருத்துவப் பத்திரிகையில எழுதினாங்க, தொற்று வந்ததுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு அந்த 72 மணிக்குள்ளயே வந்திருக்கு, ஆனா கிருமி பேரப் பாத்தா முன்னாடி நிக்கறது அசினிடோபாக்டரும் கிளெப்சியெல்லாவும். ஈரமான சிங்க்லயும் சக்‌ஷன் டியூப்லயும் கழுவாத கையிலயும் ஆஸ்பத்திரிக்குள்ளயே குடித்தனம் பண்ற கோஷ்டி அது! அசினிடோபாக்டர்ல பத்துக்கு எட்டு, பல மருந்துக்கு மசியாத ரகம். ஆக லேபர் ரூம்லயே ஒட்டிக்கிட்டிருக்கலாம். பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரமானா அம்மாகிட்டருந்தும் வரும்தான், அதுவும் அவ குத்தமா என்ன? ரத்தத்துல கிருமிய வளர்த்துப் பாக்கற பிளட் கல்ச்சர் ரிப்போர்ட் காப்பி வாங்கச் சொல்லுங்க, கிருமி பேர் அதுல இருக்கும்.

உங்க வீட்டு விஷயத்துக்கு வர்றேன். பக்கத்து பெட் குழந்தையத் தொட்ட கையோட சிஸ்டர் வந்தா "கொஞ்சம் கை கழுவிட்டு வாங்க"ன்னு கேட்டுடுங்க, தப்பா நினைப்பாங்களோன்னு கூச்சப்பட்டா வேலைக்காகாது. நீங்களும் மோதிரம் வளையலக் கழட்டிட்டு சோப்பு போட்டு ஒரு நிமிஷம் தேய்ங்க. சேனை வைக்கறேன்னு சர்க்கரைத் தண்ணி, தேன், அங்க விக்கற ஜனம் குட்டிங்கற குழந்தை மருந்து எதுவும் வேண்டாம், முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால். தொப்புள்கொடியில எண்ணெய் மஞ்சள் கூடாது. பாக்க வர்ற சொந்தக்காரங்கள வீட்டுக்கு வந்தப்புறம் வரச் சொல்லுங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

எடை கம்மியா பொறந்தா குழந்தைய தாய் நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கற கங்காரு முறை உண்டான்னு இப்பவே கேட்டு வைங்க. உங்க டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் சேர்ந்து அஞ்சு நாட்டுல செஞ்ச ஆய்வுல, பொறந்ததுலருந்தே தாய் நெஞ்சோட வெச்ச குழந்தைங்கள்ல சாவு 15.7 சதவீதத்துலருந்து 12 ஆச்சு, 2021ல வந்தது.

பால் குடிக்காம சோர்ந்து கிடந்தா, உடம்பு ஜில்லுன்னு ஆனா, நிமிஷத்துக்கு 60க்கு மேல மூச்சு வாங்கினா ராத்திரி ரெண்டு மணியானாலும் கெளம்பிடுங்க, விடியட்டும்னு இருக்காதீங்க.